நத்தாருக்குத் தணலில் ஒரு கேக்: ஓவன் இல்லாத வீட்டுக்குச் செய்முறை

வன்னியில் நத்தார் நடு மாரியில் வரும். வாய்க்கால் எல்லாம் நிரம்பி ஓடும், விறகு நனைந்து கிடக்கும், மின்சாரம் எந்த நேரம் போகும் என்று சொல்ல ஏலாது. ஓவன் வைத்திருக்கிற வீட்டிலும் கேக் கலவையைத் தட்டில் ஊற்றிவிட்டு மின்சாரத்துக்காகக் காத்திருப்பார்கள். போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரமே இல்லை. அந்த வருடங்களிலும் இங்கே நத்தாருக்குக் கேக் சுட்டார்கள். பானைக்குள் மணல், பானைக்குக் கீழே தணல், மூடிக்கு மேலும் தணல். இவ்வளவுதான். அந்த முறையைத்தான் இங்கே முதலில் இருந்து சொல்கிறேன். இதுவரை கேக் சுட்டே பார்க்காதவர்களும் செய்யலாம்.

முதலில் பெயர்களை எழுதுங்கள்

மாவை அளக்க முன்னர் ஒரு தாளும் பேனையும் எடுங்கள். இந்தக் கேக்கை யார் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்து நிற்கிற சொந்தக்காரருக்கு வீட்டில் எப்படியும் பங்கு உண்டு, அவர்களைப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. இந்த வருடம் உங்களுக்குக் கைகொடுத்தவர்களை எழுதுங்கள். அறுவடைக்கு மெசின் கொண்டுவந்து தந்தவர், பிள்ளை பிறந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவிச்சி அக்கா, கடனுக்குச் சாமான் தந்த கடைக்காரர், மழையில் உங்கள் மாட்டைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்ட பக்கத்து வீட்டுப் பொடியன். 2018 டிசம்பர் 21ஆம் 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது நத்தாருக்கு மூன்று நாள்தான் இருந்தது. அன்றைக்கு யார் வந்து நெல்மூட்டையைத் தூக்கினார்கள், யார் கிழவியைத் தோளில் சுமந்து பாடசாலையில் கொண்டுபோய் விட்டார்கள் என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படியான பெயர்கள் பட்டியலின் மேலே இருக்க வேண்டும்.

கீழே தருகிற அளவுக்கு 8 அங்குலச் சதுரத் தட்டில் ஒரு கேக் வரும். 1 அங்குல அகலம், 2 அங்குல நீளமாக வெட்டினால் 32 துண்டு. ஒரு வீட்டுக்கு நாலு துண்டு என்றால் எட்டு வீடு. பட்டியல் அதைவிட நீளம் என்றால் இரண்டு தரம் சுடுங்கள். ஒரே தரத்தில் இரட்டிப்புக் கலவை போட வேண்டாம், தணலில் அது உள்ளே வேகாது.

இன்னொன்றையும் இப்போதே யோசிக்க வேண்டும். நத்தார்க் கேக்கில் பிராந்தி விடுவது இலங்கையில் பழைய வழக்கம். நான் விடுவதில்லை, உங்களையும் விட வேண்டாம் என்றே சொல்வேன். எங்கள் ஊர்களில் பக்கத்து வீடு முஸ்லிம் வீடாக இருக்கும், அடுத்த வீடு சைவ வீடாக இருக்கும். எந்த வீட்டு வாசலிலும் தயங்காமல் நீட்டக்கூடியதாகக் கேக் இருக்க வேண்டும். பிராந்திக்குப் பதில் தோடம்பழச் சாறு.

சாமான்கள்

ரவை 200 கிராம், கோதுமை மா 50 கிராம், பட்டர் அல்லது மாஜரின் 250 கிராம், சீனி 250 கிராம், முட்டை 6. ஊர்க்கோழி முட்டை என்றால் சிறிதாக இருக்கும், 8 எடுங்கள். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி.

முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) 150 கிராம், விதை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம், பூசணித் தோசி (சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் துண்டு) 100 கிராம், கஜு 100 கிராம். தோசி கிடைக்காவிட்டால் அந்த 100 கிராமுக்கும் பேரீச்சம்பழத்தையே போடலாம், ருசி குறையாது. தேன் இரண்டு மேசைக்கரண்டி. காட்டுத்தேன் வீட்டில் இருந்தால் இந்தக் கேக்குக்கு எடுத்து வைத்துவிடுங்கள், கடைத்தேனில் அந்த வாசம் இருக்காது. பாலைப்பழக் காலத்தில் காய்ச்சிய பாலைப்பாணி மிச்சம் இருந்தால் தேனுக்குப் பதில் அதையே விடலாம். நிறமும் நன்றாக வரும். இரண்டு தோடம்பழம், ஒரு தேசிக்காய், வனிலா ஒரு தேக்கரண்டி, றோஸ் எசன்ஸ் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய், கறுவா, கராம்பு மூன்றும் சேர்த்துத் தூளாக ஒரு தேக்கரண்டி.

பாத்திரத்தில், தட்டை வைத்த பிறகும் சுற்றிவர இரண்டு விரல் இடம் மிஞ்சுகிற பெரிய அலுமினியப் பானை ஒன்று, விளிம்பு உயர்ந்த தகரத் தட்டம் ஒன்று மூடியாக.

முதல் நாள்

பழங்களைச் சிறிதாக வெட்டித் தோடம்பழச் சாற்றில் ஊறவையுங்கள். கஜுவைச் சேர்க்க வேண்டாம், அது ஊறினால் கடிபடாது. தோடம்பழத் தோலின் மஞ்சள் பக்கத்தை மட்டும் துருவி எடுத்து வையுங்கள், வெள்ளைப் பகுதி கசக்கும்.

ஆற்றுமணலைக் கழுவிக் காயவையுங்கள். மழையில் வெயிலை நம்ப முடியாது, தாச்சியில் போட்டு வறுத்து எடுத்தால் சரி. ஈர மணல் ஆவி விடும், கேக்கின் மேல்பக்கம் பிசுபிசுத்துப் போகும். கடல்மணல் வேண்டாம், உப்பும் சிப்பித் துண்டும் கலந்திருக்கும். சிரட்டையும் விறகும் அடுப்புப் பரணில் இரண்டு நாளாவது காய்ந்திருக்க வேண்டும்.

கலவை

1. ரவையை மெல்லிய நெருப்பில் ஏழெட்டு நிமிடம் வறுங்கள். நிறம் மாறக்கூடாது, வாசம் வந்தால் போதும். இறக்கி, கைபொறுக்கும் சூட்டில் பட்டரைப் போட்டுக் கிளறுங்கள். பட்டர் தானாக இளகி ரவையோடு சேரும். மூடி இரண்டு மணித்தியாலம் வையுங்கள். இந்த நேரத்தில் ரவை பட்டரைக் குடித்துப் பூக்கும். அவசரப்பட்டால் கேக் நறநறவென்று மணல் மாதிரி இருக்கும்.

2. முட்டைகளை ஒவ்வொன்றாகச் சிறு கோப்பையில் உடைத்துப் பாருங்கள். பழுதான ஒன்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் வேறு வேறு பாத்திரத்தில்.

3. மஞ்சள் கருவில் சீனியைப் போட்டு அடியுங்கள். நிறம் வெளிறித் தடிப்பாக வரும்வரை அடிக்க வேண்டும். விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால் சீனி கரகரக்கக் கூடாது. மின்சாரம் இல்லாவிட்டால் கையால்தான். வீடு நிறைய ஆட்கள் நிற்கிற நேரம் இது, ஆளாளுக்குக் கொஞ்ச நேரம் அடிக்கக் கொடுங்கள். கேக் அடிக்கிற இடத்தில்தான் பழைய கதைகள் எல்லாம் வெளியே வரும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு முள்ளுக்கரண்டியைக் கொடுத்து அப்பம்மாவுக்குப் பக்கத்தில் இருத்திவிடுங்கள்.

4. இதை ரவைக் கலவையில் கொட்டிக் கிளறுங்கள். தேன், எசன்ஸ் வகைகள், வாசனைத் தூள், தோல் துருவல் எல்லாம் சேர்க்கலாம். கோதுமை மாவில் பேக்கிங் பவுடரைக் கலந்து, சாறு வடித்த பழங்களையும் கஜுவையும் அந்த மாவில் பிரட்டிப் போடுங்கள். மா ஒட்டியிருந்தால் பழம் அடியில் போய்ச் சேராது.

5. கடைசியாக வெள்ளைக் கரு. பாத்திரத்தில் ஒரு பொட்டு எண்ணெயோ மஞ்சள் கருவோ இருக்கக்கூடாது, கொழுப்புப் பட்டால் நுரை எழும்பாது. நாலு துளி தேசிப்புளி விட்டு அடித்தால் நுரை உடையாமல் நிற்கும். கம்பியைத் தூக்கினால் நுரை கூராக எழுந்து நுனி மட்டும் வளைய வேண்டும். அதை மூன்று தடவையாகப் பிரித்து, அகப்பையால் கீழிருந்து மேலாக மெதுவாகச் சேருங்கள். இங்கே அடிக்க வேண்டாம். அடித்தால் அதற்குள் பிடித்து வைத்த காற்று முழுவதும் போய்விடும்.

தட்டின் அடியில் பத்திரிகைத் தாளை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஒயில் பேப்பர் இரண்டு, பக்கங்களிலும் அப்படியே. கீழ்த் தணலின் சூடு நேராகக் கேக்கில் ஏறாமல் இந்தத் தாள்தான் தடுக்கும். கலவையை ஊற்றி, நடுவில் கொஞ்சம் பள்ளமாக இழுத்து விடுங்கள், எழும்பும்போது மட்டமாக வரும்.

தணல்

இந்தச் செய்முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கலவையில் சிறு கூடுதல் குறைவு இருந்தாலும் கேக் சாப்பிடலாம். தணல் பிழைத்தால் அடி கருகி நடு பச்சையாக இருக்கும்.

பானையில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் போட்டு, அதன்மேல் மூன்று சிறு ஓட்டுத் துண்டுகளை வையுங்கள். கேக் தட்டு மணலில் படாமல் அவற்றின் மேல் இருக்க வேண்டும். அடுப்பில் விறகு நன்றாக எரிந்து தணலாகட்டும். சுவாலை அடங்கிய பிறகே பானையை ஏற்ற வேண்டும். பாலை, வீரை போன்ற வைரமான விறகின் தணல் நெடுநேரம் நின்று எரியும், அது கீழுக்கு. சிரட்டைத் தணல் சட்டென்று சூடேறும், சட்டென்று அடங்கும், அது மூடிக்கு மேலே. மொத்தத் தணலில் மூன்றில் ஒரு பங்கு கீழே, இரண்டு பங்கு மேலே. புதிதாகச் செய்பவர்கள் இதைத் தலைகீழாக்கிவிடுவார்கள், சமையல் என்றால் நெருப்புக் கீழேதானே என்ற பழக்கம். கேக்குக்கு மேலே கூடுதலாக வேண்டும்.

மூடி, தணல் வைத்து, வெறும் பானையை இருபது நிமிடம் சூடேற விடுங்கள். பிறகு சூடு பார்க்க வேண்டும். ஒரு சின்னத் தகர மூடியில் கோதுமை மாவைத் தூவிப் பானைக்குள் வைத்து மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள். மா இலேசான தவிட்டு நிறத்தில் இருந்தால் பழக்கேக்குக்கு அதுதான் சரியான சூடு. கடும் கபில நிறம் என்றால் சூடு கூட, கீழே இருந்து கொஞ்சத் தணலை இழுத்து விடுங்கள். வெள்ளையாகவே இருந்தால் மேலே இன்னும் போடுங்கள். சரி வந்ததும் கேக் தட்டை வையுங்கள்.

முதல் முக்கால் மணித்தியாலம் திறக்கவே கூடாது. பிள்ளைகள் கேட்பார்கள், திறக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே சிரட்டைத் தணல் புதுப்பித்தால் போதும். கீழே அநேகமாகக் கை வைக்கத் தேவைப்படாது. திறக்கும்போது தணலை ஒரு பழைய சட்டியில் தள்ளி, சாம்பலைத் துடைத்து, மூடியைச் சரிக்காமல் நேராகத் தூக்குங்கள். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிட்டால் ஒரு ஒயில் பேப்பரை மேலே பரப்பி மூடுங்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்துப் பாருங்கள். ஈரக் கலவை ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. சில நேரம் இரண்டு மணித்தியாலமும் எடுக்கும்.

மழைக்காகக் கதவு யன்னலை அடைத்துவிட்டு உள்ளே தணல் வைக்காதீர்கள். தணலில் இருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். திறந்த குசினி, தாழ்வாரம், தகரம் போட்ட கொட்டில், இவைதான் இடம்.

காஸ் அடுப்பில் செய்பவர்கள் மணலும் ஓட்டுத் துண்டும் அதேபோல வைத்து, மிகச் சிறிய நெருப்பில் சுடலாம். மேல்பக்கம் வெளிறித்தான் வரும், ருசியில் குறையில்லை.

வெட்டுவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும்

அன்றே வெட்டாதீர்கள். தட்டோடு ஆறவிட்டு, துணியால் மூடி மறுநாள் வெட்டினால் உதிராது. ஒவ்வொரு துண்டையும் ஒயில் பேப்பரில் சுற்றுங்கள். மாரிக் குளிர் ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், பிராந்தியும் இல்லை. காற்றுப் புகாத டின்னில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

முட்டை சேர்ந்த பலகாரம் என்பதால் சைவ வீடுகளுக்குக் கொடுக்க முன்னர் நாளைப் பாருங்கள். பிள்ளையார் பெருங்கதையும் திருவெம்பாவையும் பெரும்பாலும் நத்தாரை ஒட்டியே வரும். விரதம் பிடிக்கிற வீட்டுக்குக் கேக் கொண்டுபோய் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். பயற்றம் பணியாரமும் கதலி வாழைப்பழமும் தட்டில் வைத்துக் கொடுங்கள். கேக் துண்டுகளை விரதம் முடிந்த பிறகு தனியாகக் கொடுக்கலாம்.

முல்லைத்தீவுக் கரைப்பக்கம் இருப்பவர்கள் 24ஆம் திகதி பின்னேரமே, பிந்தினால் 25ஆம் திகதி காலையில் தட்டுகளைக் கொடுத்து முடித்துவிடுவது நல்லது. 26ஆம் திகதி 2004இல் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களின் நாள். அன்று அந்த வீடுகளுக்கு மெழுகுதிரியோடு போங்கள், பலகாரத் தட்டோடு அல்ல.

கொடுக்கும்போது தட்டை நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எதற்காக என்று வாயால் சொல்லுங்கள். "அண்ணை, அண்டைக்கு நீங்கள் மெசினோட வந்திராட்டி எங்கட நெல்லு முழுக்க முளைச்சுப் போயிருக்கும்" என்று நேராகச் சொல்ல எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். அவரும் "அதுக்கென்ன" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பரவாயில்லை, சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், அவர்கள் காதில் விழட்டும்.

தட்டுத் திரும்பி வரும்போது வெறுந்தட்டாக வராது. கொஞ்சம் சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது, முற்றத்து முருங்கைக்காயாவது இருக்கும். தைப்பொங்கலுக்கு அதே வீட்டிலிருந்து புக்கையும் மோதகமும் வரும். அதனால் எந்தத் தட்டு எந்த வீட்டுடையது என்று அடியில் ஒரு அடையாளம் போட்டு வையுங்கள், பெயர்ப் பட்டியலையும் எறிந்துவிடாமல் குசினிச் சுவரில் செருகி வையுங்கள், அடுத்த வருடம் கீழே சேர்த்து எழுதலாம்.