60 யூனிட் முடித்தும் டிகிரி கைக்கு வராதது ஏன்? கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர் என்று பல்கலைக்கழகமே எழுதி வைத்துவிடும். அரியர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும், பட்டம் வந்துவிடும். அந்தப் பழக்கத்திலேயே இங்கே கலிஃபோர்னியாவில் பிள்ளையை இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் சேர்க்கும் பெற்றோர் பலர், 60 யூனிட் (கிரெடிட்) முடிந்தால் அசோசியேட் டிகிரி என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இங்கே பாடங்களைத் தேர்ந்தெடுப்பது மாணவர்தான். டிகிரிக்கு உதவாத பாடத்தை எடுத்தாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். கட்டணத்தை வாங்கிக்கொண்டு உட்கார இடம் கொடுப்பார்கள்.

60 என்பது மொத்த அளவு மட்டுமே. ஆண்டைச் சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகளில் அது 90. அந்த மொத்தத்துக்குள் மேஜர் (முதன்மைத் துறை) பாடங்கள் குறைந்தது 18 செமஸ்டர் யூனிட் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான ஜெனரல் எஜுகேஷன் பாடப் பிரிவுகள் ஒன்றுவிடாமல் நிரம்ப வேண்டும். மொத்த ஜிபிஏ (கிரேடு சராசரி) 2.0-க்குக் குறையக் கூடாது. பட்டம் தரும் கல்லூரியிலேயே 12 யூனிட்டாவது படித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆர்வத்தில் பைத்தான், ஜாவா, சி++ என்று அடுக்கிக்கொண்டே போய் 70 யூனிட் தாண்டிவிட்டு, எத்னிக் ஸ்டடீஸ் என்ற ஒரே ஒரு பாடம் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு.

D கிரேடு இன்னொரு கண்ணி. அது மொத்த யூனிட்டில் சேரும், ஆனால் மேஜர் பாடத்தில் செல்லாது. அங்கே C-யாவது வேண்டும். சரி, திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்றால், D, F வந்தவற்றை எடுக்கலாம், C வந்ததை வெறும் கிரேடு உயர்த்துவதற்காக எடுக்க முடியாது. இம்ப்ரூவ்மென்ட் எழுதிப் பழகிய தலைமுறைக்கு இது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் C வரும்போலத் தெரிந்தாலே W (வித்ட்ராயல்) போட்டுப் பாடத்திலிருந்து விலகிவிடலாம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். பாதிதான் சரி. W ஜிபிஏ-வைத் தொடாது, ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் நிற்கும். ஒரு பாடத்துக்குப் பொதுவாகக் கிடைக்கும் மூன்று வாய்ப்புகளில் ஒன்றைத் தின்றுவிடும். மத்திய அரசின் நிதியுதவி வாங்குபவர்கள், எடுத்த யூனிட்டுகளில் ஏறக்குறைய 67 சதவீதத்தையாவது முடித்துக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் W எடுத்ததாகச் சேரும், முடித்ததாகச் சேராது. எஃப்-1 விசாவில் இருப்பவர் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேட்காமல் விலகி 12 யூனிட்டுக்குக் கீழே போனால், பிரச்சினை கிரேடு பற்றியதே அல்ல, விசா நிலையே ஆபத்தில் விழும்.

ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுக்கும் டூயல் என்ரோல்மென்டில் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை விளையாட்டாக எடுத்துக் கோட்டைவிட்ட பாடமும் நிரந்தரக் கல்லூரிப் பதிவுதான். பிறகு எங்கே விண்ணப்பித்தாலும் கூடவே வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று பாடம் எடுக்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

டிகிரியும், நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் டிரான்ஸ்ஃபரும் ஒன்று என்று நினைப்பதும் பரவலாக இருக்கிறது. யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்களுக்கு மாற அசோசியேட் டிகிரி தேவையே இல்லை. 60 டிரான்ஸ்ஃபரபிள் செமஸ்டர் யூனிட்டும், மேஜருக்கு முன்தேவையான பாடங்களும்தான் அங்கே பேசும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த யூசியில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்க்கலாம். கால் ஸ்டேட்டுக்கு (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) போக நினைப்பவருக்கோ டிரான்ஸ்ஃபருக்கென்றே 2010-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த ஏஏ-டி, ஏஎஸ்-டி டிகிரிகள் உண்மையிலேயே உதவும். டேக் என்ற சேர்க்கை உத்தரவாதம் ஆறு யூசிக்களில் மட்டுமே உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அதில் இல்லை. அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தோடு முடிந்துவிடும்.

2025 இலையுதிர் பருவத்திலிருந்து டிரான்ஸ்ஃபருக்கான ஜெனரல் எஜுகேஷன் பட்டியலில் ஐகெட்சி போய் கால்-கெட்சி வந்திருக்கிறது. அதற்கு முன் சேர்ந்து இடைவிடாமல் படிப்பவர் பழைய பட்டியலிலேயே முடிக்கலாம். நடுவில் நீண்ட இடைவெளி விட்டால் அந்த உரிமை போய்விடக்கூடும். முடிவெடுப்பதற்கு முன் கவுன்சலரிடம் கேட்டுவிடுங்கள்.

ஹானர்ஸ் பக்கம் வந்தால், முதல் தவறு கணக்கில்தான். ஒரு மாணவி 15 யூனிட் எடுக்கிறார். 5 யூனிட் கால்குலஸில் C, ஒரு 4 யூனிட், இரண்டு 3 யூனிட் பாடங்களில் A. மூன்று A, ஒரு C, சராசரி 3.5, டீன்ஸ் லிஸ்ட் (நல்ல ஜிபிஏ எடுத்தவர்களின் பட்டியல்) உறுதி என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார். ஆனால் ஜிபிஏ யூனிட் எடையில் வருவது. கால்குலஸுக்கு 10 புள்ளி, மற்ற 10 யூனிட்டுக்கு 40 புள்ளி, மொத்தம் 50. அதை 15-ஆல் வகுத்தால் 3.33. பல கல்லூரிகளின் எல்லை 3.5 என்பதால் பட்டியலில் பெயர் வராது.

அந்த C-யை ஜிபிஏ-வில் சேராத பாஸ்/நோ பாஸாக மாற்றியிருந்தால் ஜிபிஏ 4.0 ஆகியிருக்குமே என்று கேட்கலாம். ஆகியிருக்கும். ஆனால் கிரேடு போட்ட யூனிட்டுகள் பத்தாகக் குறைந்துவிடும். பல கல்லூரிகள் டீன்ஸ் லிஸ்டுக்குக் கிரேடு போட்ட 12 யூனிட் கேட்கின்றன, அங்கே இதுவும் உதவாது. அதைவிட, இன்ஜினியரிங் மேஜருக்கான கால்குலஸைப் பாஸாக மாற்றினால் டிரான்ஸ்ஃபரில் அடிவாங்கும். இந்தப் பட்டியலுக்காக அதைச் செய்வது என் கணக்கில் முட்டாள்தனம்.

டீன்ஸ் லிஸ்ட் அந்தப் பருவத்துக்கானது. பட்டமளிப்பு ஹானர்ஸ் மொத்த ஜிபிஏ-வுக்கானது. ஹானர்ஸ் ப்ரோகிராம் வேறு, அதற்கென்று தனிப் பாடங்கள் படித்து முடிக்க வேண்டும். யூசிஎல்ஏ-வின் டேப் திட்டத்தில் பங்கேற்கும் கல்லூரிகளில் அதை முடித்தவர்களுக்கு அங்கே முன்னுரிமைப் பரிசீலனை உண்டு. கடைசி செமஸ்டரில் நினைவு வந்து ஓடினால் பயனில்லை. ஃபை தீட்டா கப்பா அழைப்பு மின்னஞ்சலில் வரும், கட்டணமும் கேட்கும். ஏமாற்று வேலை என்று அழித்துவிடுபவர்கள் நிறைய. 1918 முதல் இருக்கும், இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கான ஹானர் சொசைட்டி அது. அனுப்பியவர் உண்மையா என்று கல்லூரியில் சரிபார்த்துவிட்டுச் சேரலாம்.

எல்லாம் முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பல கல்லூரிகளில் டிகிரி வேண்டும் என்று தனியே விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கெடு தேதியும் உண்டு. அங்கி அணிந்து மேடையில் நடந்து படம் எடுத்துக்கொண்டதால் டிகிரி பதிவாகிவிடாது. விழா மே, ஜூனில் முடிந்துவிடும், சரிபார்ப்பு அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கும். யூசிக்கு இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போயாக வேண்டும் என்பதால், கிரேடுகள் ஏறியவுடன் அனுப்பிவிடுங்கள். ஏஏ-டி, ஏஎஸ்-டி சொல்லி கால் ஸ்டேட்டில் இடம் வாங்கியவர்கள், ஆர்டர் செய்யும்போது டிகிரி பதிவான பிறகே அனுப்பு என்ற தெரிவை டிக் செய்யுங்கள். அவசரத்தில் அதை விட்டால் டிகிரி வரி இல்லாத டிரான்ஸ்கிரிப்ட்தான் போய்ச் சேரும். பிறகு காசு கொடுத்து இன்னொன்று அனுப்ப வேண்டியிருக்கும்.