மான்கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான்வேட்டை தொடங்குகிறது. ஒன்பது நாள் சீசன். அந்த நாட்களில் மேடிசன் வட்டாரத்தில் நம்மவர் வீடுகளுக்கும் மான்கறி வந்து சேரும். சிலர் தாங்களே லைசென்ஸ் எடுத்துக் காட்டுக்குப் போகிறார்கள். பலருக்கு ஆபீஸ் நண்பர்களோ பக்கத்து வீட்டுக்காரரோ கொடுக்கிறார்கள். அப்பாவின் திண்டுக்கல் கறிக்கடையில் கத்தி பிடித்துப் பழகியவன் நான் என்பதால், எலும்பு நீக்கித் தரச் சொல்லி என்னிடமும் சிலர் மானைக் கொண்டுவருவார்கள். அவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: ஆட்டுக்கறியில் நமக்குத் தெரிந்த வழக்கத்தை மானிடம் காட்டாதீர்கள்.

காரணம் சி.டபிள்யூ.டி. என்கிற மூளைநோய். மானை மெல்ல மெல்ல மெலியவைத்துக் கொன்றுவிடும். 1967ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கண்ணில் பட்டது. விஸ்கான்சினில் தெரியவந்தது 2002 பிப்ரவரியில், மேடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரெப் பக்கம் சுடப்பட்ட மூன்று மான்களில். இன்று மாநிலத்தின் தென்மேற்கில் சில இடங்களில், வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த நோயோடுதான் திரிகின்றன.

இதைப் பரப்புவது வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பிரியான் என்கிற, மடிப்புத் தவறிப்போன ஒரு புரதம். அது பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போல மடித்துவிடுகிறது. உயிரே இல்லாத பொருள் என்பதால் கொதிக்க வைத்துக் கொல்ல முடியாது. குக்கரில் எட்டு விசில் விட்டாலும் சூடு சுமார் 120 டிகிரிதான். மருத்துவமனைகளில் 134 டிகிரி நீராவியில் 18 நிமிடம் வைத்த கருவியைக்கூட அது மட்டும் போதும் என்று நம்புவதில்லை. மஞ்சள், உப்பு, வினிகர், ஃப்ரீசர் எதுவும் இதனிடம் செல்லாது.

மனிதருக்கு இந்த நோய் மானிடமிருந்து வந்ததாக இதுவரை ஒரு கேஸும் உறுதியாகவில்லை. ஆனாலும் பாசிட்டிவ் வந்த மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பிரிட்டனில் மாட்டின் பிரியான் நோயால் மனிதருக்கு ஆபத்தில்லை என்றுதான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1996ல் அந்தப் பேச்சை மாற்ற வேண்டி வந்தது. அங்கே இறந்தவர்கள் 178 பேர். சில கிலோ கறிக்காக என் பிள்ளைகளை அந்தப் பரீட்சைக்கு அனுப்ப நான் தயாராக இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

எலும்பும் தோலுமாக, தலையும் காதும் தொங்கிப்போய், எச்சில் ஒழுக, ஆளைக் கண்டும் ஓடாமல் நிற்கிற மானைச் சுடவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். எந்த இடம் என்று குறித்துக்கொண்டு மாநில இயற்கை வளத்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் கண்பார்வையை நம்பிவிடாதீர்கள். தொற்றி ஒன்றரை ஆண்டுக்கு மேலும் மான் கொழுகொழுவென்றுதான் இருக்கும். பாசிட்டிவ் வரும் மான்களில் பெரும்பாலானவை பார்க்க அழகான, ஆரோக்கியமான மான்கள்தான்.

குடல் எடுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். சமையலறைக் கத்தி கூடாது, மானுக்கென்று தனியாக இரண்டு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் நம்மவர்களை நான் பிடித்து நிறுத்துவது. மூளை வறுவல், தலைக்கறி, சுவரொட்டி, கழுத்தெலும்புச் சாறு என்று ஆட்டில் நாம் ஆசையாகக் கேட்டு வாங்கும் பாகங்களில்தான் பிரியான் அதிகமாகச் சேர்ந்திருக்கிறது. மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், தொண்டைச் சதை, நிணநீர் முடிச்சுகள். இவற்றை எந்த மானிலிருந்தும் எடுக்காதீர்கள். டெஸ்ட் முடிவு எப்படி வந்தாலும் வேண்டாம்.

அடுத்தது டெஸ்ட். வளத்துறை இலவசமாகவே செய்து கொடுக்கிறது. பல கவுண்ட்டிகளில் (நம்மூர் மாவட்டம் போல) ஆளில்லாத பெட்டிகள் வைத்திருக்கிறார்கள், இரவிலும் போடலாம். தலையோடு நாலு அங்குலம் போலக் கழுத்தையும் விட்டு அறுத்து, பையில் கட்டி, அங்கே இருக்கும் சீட்டில் சுட்ட இடத்தைச் சரியாக எழுதிப் போட வேண்டும். கறியை அனுப்பினால் பலனில்லை, தேடுவது தொண்டைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நிணநீர் முடிச்சுகளை. காய்ச்சலில் நமக்குக் கழுத்தில் நெறி கட்டுமே, அந்த வகை. குரல்வளைக்கும் தாடைக்கும் நடுவே குறுக்காகக் கீறினால், பக்கத்துக்கு ஒன்றாக, வழுவழுப்பாக, சின்ன நெல்லிக்காய் அளவில் தட்டுப்படும். பக்கத்திலேயே கரடுமுரடாக இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி, பலரும் அதை எடுத்துக் கொடுத்து ஏமாந்துபோகிறார்கள். கழுத்தைக் குட்டையாக அறுத்தால் முடிச்சு உடம்போடு போய்விடும். தலை அறுத்த கத்தியில் தண்டுவடம் பட்டிருக்கும். அதைத் தனியே வைத்துவிடுங்கள், கறிக்கு இன்னொரு கத்தி. கொம்போடு தலையைப் பாடம் பண்ணுகிறவர்கள், முடிச்சை எடுத்துத் தரும்படி பாடம் பண்ணும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முடிவு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை மானைத் தொங்கவிட முடியாது, எலும்பு நீக்கி ஃப்ரீசரில் வைக்கலாம். ரம்பம் எடுக்காதீர்கள். முதுகெலும்பைப் பிளந்து சாப்ஸ் போடுவது ஆட்டோடு நிற்கட்டும். முதுகெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிக் கத்தி நுனியை விட்டு, விலா எலும்பைத் தொட்டுக்கொண்டே கீழே இறக்கினால், முதுகுக்கறி நீளமாக ஒரே துண்டாகக் கையில் வந்துவிடும். எலும்புக்குள் கத்தி இறங்கவே தேவையில்லை. முன்சப்பை உடம்போடு சேரும் இடத்தில் மூட்டே கிடையாது, சதையை அறுத்தாலே கழன்றுவிடும். பின்தொடையில் மட்டும் நிதானமாக இருங்கள். சதைகள் சேரும் இடத்தில் ஒரு கொழுப்புக் கட்டி இருக்கும், அதற்குள் ஒளிந்திருக்கும் சாம்பல் நிற முடிச்சைக் கொழுப்போடு சேர்த்து எடுத்து எறியுங்கள். மற்றக் கொழுப்பையும் வெள்ளைச் சவ்வையும் சீவிவிடுங்கள். மானின் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும், போனால் கறிக்கு ருசிதான் கூடும்.

ஒவ்வொரு பொட்டலத்திலும் சுட்ட தேதி, டெஸ்ட் சீட்டின் எண், "முடிவு வரவில்லை" என்ற குறிப்பு. இரண்டு மான் இருந்தால் ஃப்ரீசரில் தனித்தனியாக இரண்டு தட்டு. கீமாவுக்காகக்கூட ஒன்றாகக் கலக்காதீர்கள், கலந்தபின் ஒன்று பாசிட்டிவ் வந்தால் எல்லாமே குப்பைதான்.

கத்திகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒட்டியிருக்கும் சதையை முழுக்க நீக்குங்கள். அப்புறம் இரண்டு பங்கு வீட்டு ப்ளீச், மூன்று பங்கு தண்ணீர், ஐந்து நிமிட ஊறல். மொன்டானாவின் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில் 2019ல் சோதித்துச் சொன்ன அளவு இது. ஸ்டீலின் மேல்பரப்பில்தான் வேலை செய்யும், ஒட்டியிருக்கும் சதைத் துணுக்குக்குள் இறங்காது. அதனால் மரப்பலகை வேண்டாம், ஸ்டீல் தட்டில் வெட்டுங்கள். ப்ளீச் வேலையைக் கராஜ் கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

எலும்பும் குடலும் வளத்துறை அனுமதித்த குப்பைத்தொட்டிக்கோ நிலநிரப்பு மையத்துக்கோ போக வேண்டும், காட்டு ஓரத்துக்கு இல்லை. எச்சில், சிறுநீர், சாணம், அழுகும் உடல் எல்லாவற்றிலிருந்தும் பிரியான் மண்ணுக்குப் போகிறது. களிமண்ணில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. 2016ல் நார்வேயின் நூர்ஃபியெல்லா மலையில் காட்டுக் கலைமானிடம் இந்த நோய் தெரிந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த மந்தையையே தீர்த்துவிட்டு, மண்ணுக்குப் பயந்து மலையைப் பல ஆண்டுகள் காலியாகப் போட்டார்கள். நோயைவிட அந்த முடிவுதான் என்னை அதிகம் உலுக்கியது.

முடிவு பாசிட்டிவ் என்றால் அந்தத் தட்டு முழுக்கக் குப்பைக்கு, நாய்க்கும் போட வேண்டாம். நோய் தென்படவில்லை என்று வந்தால் சமைக்கலாம். தொற்றிய புதிதில் டெஸ்ட்டிலும் சிக்காமல் போகலாம், அதனால்தான் மேலே சொன்ன பாகங்களை எப்போதும் ஒதுக்குவது.

யாராவது கறி கொடுத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்தக் கவுண்ட்டி, டெஸ்ட் செய்தீர்களா, கடையில் அரைத்ததா, அரைத்தது உங்கள் மானை மட்டுமா? வேட்டைக்காரர்களுக்கு இது பழகிய கேள்வி, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெரியாது என்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

கொல்லையில் மானுக்கென்று மக்காச்சோளமோ உப்புக்கட்டியோ வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் பத்து மான் வாய் வைத்தால் எச்சில் அங்கேதான் சேரும். நோய் இருக்கும் கவுண்ட்டிகளில் அது சட்டப்படியும் தடை.