கடனட்டையின் வட்டியும் கட்டணமும் மாறும்போது என்ன செய்வது: மலையக வாசகர்களுக்கான செய்முறை விளக்கம்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், என் கடனட்டையின் வட்டி உயர்கிறது என்று வங்கி அனுப்பிய கடிதம் எங்கள் தோட்ட அலுவலகத்தில் மூன்று வாரம் கிடந்தது. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வரும். யாராவது எடுத்து வந்து தந்தால்தான் அவை கைக்குக் கிடைக்கும். கடிதத்தைப் பிரித்தபோது அடுத்த மாதக் கணக்குக்கூற்றே வந்துவிட்டிருந்தது. கடனட்டையைப் புதிதாக எடுக்கும் ஆசிரியர்கள், அலுவலக உத்தியோகத்தர்கள், கொழும்பில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் ஆகியோருக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடனட்டைக்கு அறவிடக்கூடிய உச்ச வட்டியை ஆண்டுக்கு 18 சதவீதமாக நிர்ணயித்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில், கொள்கை வட்டி வீதங்கள், அதாவது வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாக மத்திய வங்கி நிர்ணயிக்கும் வீதங்கள், ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டன. கடனட்டைக்கான உச்ச எல்லையும் நீக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் மீண்டும் 28 சதவீதம் என்ற எல்லை விதிக்கப்பட்டது. ஆகவே, அட்டையை வாங்கிய நாளில் கேட்ட வீதத்தை மனதில் வைத்துக்கொண்டு பல வருடங்களுக்குச் செலவு செய்ய முடியாது.

முதற்படி: அறிவித்தல் உங்கள் கைக்கு வரும்படி செய்யுங்கள்

வங்கிக் கிளைக்குச் சென்று, அல்லது அட்டையின் பின்புறத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து, கணக்குக்கூற்றையும் வீத மாற்ற அறிவித்தல்களையும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்பும்படி கேளுங்கள். தொலைபேசி இலக்கத்தை மாற்றியிருந்தால் அதே நாளில் பதிவு செய்துவிடுங்கள். தமிழில் விளக்கம் வேண்டும் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்; ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள கிளைகளில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் பெரும்பாலும் இருப்பார். புரியாத படிவத்தில் கையெழுத்து வைப்பதைவிட அரை மணித்தியாலம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: கணக்குக்கூற்றில் நான்கு இடங்களைத் தேடுங்கள்

கூற்றுத் திகதி, பணம் செலுத்த வேண்டிய இறுதித் திகதி, மொத்த நிலுவை, ஆகக்குறைந்த கொடுப்பனவு ஆகிய நான்கையும் முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறகு, பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கும் வட்டி வீதத்தைத் தேடி, கடந்த மாதக் கூற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் "நூற்றுக்கு ஐந்து வட்டி" என்றால் அது மாத வட்டி. வங்கி சொல்லும் 28 என்பதோ ஆண்டு வட்டி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அட்டை வட்டி பயங்கரமானது என்று நினைப்பவர்களும் உண்டு. மாதம் இரண்டு சொச்சம்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களும் உண்டு. உங்கள் சம்பள நாள் இறுதித் திகதிக்குப் பின்னால் வருகிறது என்றால், கூற்றுத் திகதியை மாற்றித் தரும்படி கேளுங்கள். பல வங்கிகள் அதைச் செய்து தருகின்றன.

மூன்றாம் படி: வட்டியை உங்கள் கையாலேயே கணக்கிடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். நிலுவையை ஆண்டு வீதத்தால் பெருக்கி, 100 ஆலும் பிறகு 365 ஆலும் வகுத்தால் ஒரு நாள் வட்டி கிடைக்கும். 60,000 ரூபா நிலுவைக்கு 18 சதவீதத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 ரூபா 60 சதம். 28 சதவீதத்தில் 46 ரூபா. முப்பது நாளில் முதலாவது 888 ரூபாவாகவும் இரண்டாவது 1,381 ரூபாவாகவும் வளர்கிறது. ஆகக்குறைந்த கொடுப்பனவு நிலுவையின் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 3,000 ரூபா. 28 சதவீத வீதத்தில் அதில் 1,381 ரூபா வட்டிக்குப் போய்விட, கடனில் குறைவது 1,619 ரூபா மட்டுமே. அந்த மாதத்தில் ஒரு மூட்டை அரிசியை அட்டையில் வாங்கினால் குறைந்ததும் திரும்ப ஏறிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொத்த நிலுவையையும் இறுதித் திகதிக்குள் கட்டுபவருக்கு மட்டுமே வட்டியில்லாக் காலம் உண்டு. 60,000 ரூபாவில் 50,000 ரூபாவைக் கட்டிவிட்டு, மிகுதி 10,000 ரூபாவுக்குத்தானே வட்டி வரும் என்று நானும் நினைத்திருந்தேன். பல வங்கிகளில் அப்படியல்ல. பொருள் வாங்கிய நாளிலிருந்து முழுத்தொகைக்கும் வட்டி கணக்கிடப்படுவதோடு, புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. உங்கள் அட்டைக்கு எந்த முறை பொருந்தும் என்பதை, மேலே உள்ள வசனத்தை அப்படியே வாசித்துக் காட்டி வங்கியிடம் கேளுங்கள். ஏடிஎம்மில் அட்டையைப் போட்டுப் பணம் எடுத்தால், எடுத்த நாளிலிருந்தே வட்டியும் அதற்கு மேல் ஒரு கட்டணமும் சேரும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: வீதம் உயர்ந்தால் அந்த வாரத்திலேயே முடிவெடுங்கள்

அட்டையில் புதிய செலவை உடனே நிறுத்துங்கள். பிறகு வங்கிக்கு அழைத்து, இருக்கும் நிலுவையைத் தவணைக் கொடுப்பனவாக மாற்ற முடியுமா, அதற்கான வட்டி எவ்வளவு, கையாளுகைக் கட்டணம் எவ்வளவு என்று மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். வட்டி இல்லை என்று சொல்லப்படும் திட்டத்திலும் கையாளுகைக் கட்டணம் இருக்கலாம். அதைத் தவணைகளின் எண்ணிக்கையால் வகுத்து மாதச் செலவாகப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். தீபாவளி முற்பணத்தை மாதாமாதம் சம்பளத் துண்டில் கழித்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

நகையை அடகு வைத்து அட்டைக் கடனை அடைக்கலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் விதிக்கப்பட்ட எல்லைகளின்படி அடகுக்கு 18, கடனட்டைக்கு 28 சதவீதம் என்பதால், வட்டியை மட்டும் பார்த்தால் அடகு மலிவு. ஆனால் மீட்கும் பணம் எந்த மாதத்தில், எங்கிருந்து வரும் என்று தெரிந்திருந்தால் மட்டுமே அதைச் செய்யலாம் என்பது என் கருத்து. அம்மாவின் தோட்டை ஏலத்துக்கு விடும் அளவுக்கு எந்தக் கடனட்டையும் முக்கியமானதல்ல.

வீதங்கள் இறங்கும்போதும் சும்மா இருக்க வேண்டாம். மத்திய வங்கியின் கொள்கை வீதம் 2024 நவம்பரில் 8 சதவீதமாகவும் 2025 மே மாதத்தில் 7.75 சதவீதமாகவும் ஆனது. உங்கள் கூற்றில் உள்ள வீதம் அதனோடு சேர்ந்து தானாக இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒழுங்காகப் பணம் கட்டிய வாடிக்கையாளர் என்பதைச் சொல்லி, குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: கட்டணங்கள்

வருடாந்தக் கட்டணத்தை விலக்கும்படி கேட்டால் பல வங்கிகள் ஒப்புக்கொள்கின்றன, கேட்காதவரிடம் அறவிடப்படுகிறது. தாமதக் கட்டணம் வட்டிக்கு மேலதிகமானது. வேறு வங்கியிலிருந்து பணம் அனுப்பினால் அட்டைக் கணக்கில் பதிவாக ஓரிரு நாள் பிடிக்கலாம் என்பதால், இறுதித் திகதிக்கு மூன்று நாட்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். டொலரில் அறவிடப்படும் இணையச் சேவைகளுக்கு நாணய மாற்றுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேரும். நகரத்துக் கடைகளில் "கார்ட் என்றால் 3 சதவீதம் கூட" என்று சொன்னால் கொடுக்க வேண்டாம். வாடிக்கையாளரிடம் அப்படி அறவிட வியாபாரிக்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள்.

ஆறாம் படி: முறைப்பாடு

அறிவிக்காமல் வீதத்தை உயர்த்தியதாகவோ தவறான கட்டணம் எடுத்ததாகவோ தெரிந்தால், முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் பேசினால் திகதியையும் நேரத்தையும் பேசியவரின் பெயரையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

அட்டையை மூடுவதாக இருந்தால்

நிலுவையைக் கட்டிய மறுநாள் அட்டையை வெட்டிப்போட்டால் அது மூடப்பட்டதாகாது. கடைசிக் கூற்றுக்குப் பிறகு சேர்ந்த சில நாள் வட்டி அடுத்த மாதம் ஒரு சிறு தொகையாக வரும். அதைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறி, கடன் வாங்கியவர்களின் விபரங்களைப் பதிவு செய்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதாவது நாம் கிரிப் என்று சொல்வதில், நிலுவையாகப் பதிவாகிவிடலாம். மூடும் நாளுக்கான சரியான தொகையைக் கேட்டுக் கட்டி, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதத்தை வாங்குங்கள். அந்தக் கடிதத்தையும் தோட்ட முகவரிக்குத் தபாலில் அனுப்பச் சொல்லாமல், கிளைக்கு நேரே சென்று கையில் பெற்றுக்கொள்ளுங்கள்.