லிதுவேனிய மொழியில் தூங்கப் போகும் முன்

இரவு விடைபெற ஒரே சொல் போதும்: 'லபாநக்த்'. தூங்கப் போகிறேன் என்றால் 'எய்னு மியேகோதி'. தூக்கம் வருகிறதா? அங்கே தூக்கம் வராது, அதை நாம்தான் கேட்க வேண்டும்: 'நோர்யு மியேகோ', அதாவது எனக்குத் தூக்கம் வேண்டும். தூக்கம் என்பது 'மியேகஸ்'. வேண்டும் என்று சொல்லும்போது அது 'மியேகோ' ஆகிவிடும். இந்த வால் மாற்றத்தை இப்போதே பிடித்துக்கொண்டால் பிறகு நிறையச் சொற்களுக்கு உதவும்.

எனக்கு மிகப் பிடித்தது 'ஸல்ஜூ ஸப்னூ', இனிய கனவுகள். கனவுக்கு அங்கே 'ஸப்னஸ்'. சமஸ்கிருத 'ஸ்வப்ன'வின் உறவு அது. நம் பாட்டிமார் சொல்லும் சொப்பனமும் அந்தச் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதனால் இந்தச் சொல் மறக்கவே மறக்காது. கடைசி 'னூ'வை மட்டும் நன்றாக நீட்டிச் சொல்லுங்கள். இன்றிரவே விளக்கை அணைக்கும்போது ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.