மண்டபம் புக் பண்ணியாச்சு, பாருக்கு யார் நோட்டீஸ் குடுத்தது?

லண்டனில் எங்கட ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ, வருசம் ஒரு இராப்போசன விருந்து வைக்காமல் விடாது. மண்டபம், சாப்பாடு, டி.ஜே. எல்லாம் மாதக்கணக்கில் முன்னாலேயே ஒழுங்காகிவிடும். பாருக்கு அனுமதி எடுத்தாச்சா என்ற கேள்வி மட்டும் கடைசிக் கூட்டத்தில்தான் எழும்பும். எழும்பினதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் முன்பு ஓஃப் லைசென்ஸ் கடை, அதாவது போத்தலில் மது விற்கிற கடை நடத்தினவன்; மது விற்பனைக்கென்று ஆளின் பெயரில் தருகிற பெர்சனல் லைசென்ஸ் இன்னும் என் பெயரில் இருக்கிறது. ஆளாளுக்கு போனில் சொல்வதை இங்கே ஒருதரமாக எழுதிவிடுகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம். ஸ்கொட்லாந்துக்கு வேறு சட்டம்.

எங்கட ஆட்கள் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுவார்கள். "பிள்ளைகளின் பரதநாட்டியத்துக்கு லைசென்ஸ் வேணுமோ அண்ணை?" என்று கேட்பார்கள். வேண்டாம். காலை 8 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில், 500 பேருக்கு மேற்படாத சபை முன்னால் நடனம், நாடகம் எதற்கும் லைசென்ஸ் தேவையில்லை. பாட்டுக் கச்சேரியும் டி.ஜே.யும் கூட, தேவாலய மண்டபம், சமூக மண்டபம் போன்ற இடமென்றால் அதே நேரத்துக்குள், அதே ஆள்கணக்குக்குள், மண்டபப் பொறுப்பாளரின் சம்மதத்தோடு நடத்தலாம். 2012இலிருந்து 2015 வரை படிப்படியாக வந்த தளர்வுகள் இவை. 11 மணி தாண்டினால் கதை வேறு.

பயப்பட வேண்டியது போத்தலுக்கு. உங்கட மகளின் கல்யாணத்தில் விருந்தினருக்குச் சும்மா ஊற்றிக் கொடுத்தால் அது விற்பனை இல்லை. வருகிறவர்கள் தாங்களே போத்தல் கொண்டுவந்து குடித்தாலும் விற்பனை இல்லை. ஆனால் 40 பவுண் டிக்கெட்டில் "வைன் உட்பட" என்று அச்சடித்தால் அது விற்பனை. பார் மேசையில் டின் வைத்து "நன்கொடை" என்று எழுதினாலும், காசு போட்டால்தான் கிளாஸ் வரும் என்றால் விற்பனைதான். அனுமதியில்லாமல் விற்றால் எல்லையில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு, யாரும் யோசிக்காத ஒன்று கொத்துரொட்டி. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சூடான சாப்பாடோ சூடான பானமோ பொதுமக்களுக்கு விற்க அனுமதி வேண்டும். நடுச்சாமத்தில் வாசலில் கொத்து போட்டு விற்பதும், ஏன், பிளேன்ரீ விற்பதும் இதற்குள் வரும்.

மண்டபத்துக்கு நிரந்தர லைசென்ஸ் இல்லையென்றால் இதற்கெல்லாம் வழி டெம்பரரி இவென்ட் நோட்டீஸ், அதாவது ஒரு விழாவுக்கு மட்டும் உள்ளூர்க் கவுன்சிலுக்குக் கொடுக்கிற தற்காலிக அறிவித்தல். கவுன்சில்காரர் சுருக்கமாக டென் (TEN) என்பார்கள். கட்டணம் 21 பவுண். 18 வயது நிரம்பிய எவரும் கொடுக்கலாம். பெர்சனல் லைசென்ஸ் இருக்க வேண்டியதில்லை. இல்லாதவர் வருசத்துக்கு 5 கொடுக்கலாம், இருப்பவர் 50. என்னைத் தேடி வருவதற்கு இதில் அவசியமே இல்லை என்பதைத் தலைவர்கள் கவனிக்கவும். ஆனால் யார் பெயரில் நோட்டீஸ் போகிறதோ அவர்தான் அன்று இரவு சட்டத்துக்குப் பொறுப்பு. ஆகவே வேலை செய்து முடிப்பவரின் பெயரைப் போடுங்கள், மேடையில் மாலை வாங்குகிறவரின் பெயரை அல்ல.

படிவத்தில் மது விற்பனை, கேளிக்கை, பின்னிரவு உணவு என்று பெட்டிகள் இருக்கும். பொருந்துகிற எல்லாவற்றையும் குறியுங்கள், அதனால் கட்டணம் ஏறாது. ஆள்கணக்கு ஒரே நேரத்தில் 499ஐத் தாண்டக்கூடாது. இந்த 499க்குள் ஆடுகிற பிள்ளைகள், பாட்டுக்காரர், சமையல்காரர், வாசலில் நிற்கிற தொண்டர் எல்லாரும் அடக்கம். "500 டிக்கெட் அடிச்சாச்சு" என்று வந்து நிற்காதீர்கள்.

இனி நாட்கணக்கு. முக்கால்வாசிப் பேர் தடக்குப்படுவது இதில்தான். முழுமையான பத்து வேலைநாட்கள் வேண்டும். கவுன்சிலுக்குக் கிடைத்த நாள் சேராது, விழா நாளும் சேராது, சனி ஞாயிறும் வங்கி விடுமுறையும் சேராது. விழா ஒக்ரோபர் 17 சனிக்கிழமை என்று வையுங்கள். 16ஆம் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பத்தாவது வேலைநாள் 5ஆம் திகதி திங்கள். அப்படியென்றால் 2ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் கவுன்சில் கையில் இருக்கவேண்டும். தை மாதத்தில் பொங்கல் விருந்து வைப்பவர்கள் இடையில் வருகிற கிறிஸ்மஸ், புத்தாண்டு விடுமுறைகளையும் தள்ளி எண்ணுங்கள்.

பிந்திவிட்டால் பிந்திய நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. ஐந்து முதல் ஒன்பது வேலைநாள் இடைவெளியில் கொடுக்கலாம். இதை நம்பியிருக்காதீர்கள். நோட்டீஸ் கிடைத்து மூன்று வேலைநாளுக்குள் பொலிசும் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவும் ஆட்சேபிக்கலாம். வழமையான நோட்டீஸ் என்றால் விசாரணை நடக்கும், போய்ப் பேசலாம். நேரத்தைக் குறைக்கிறோம், சத்தம் வெளியே போகாமல் கதவைச் சாத்தி வைக்கிறோம் என்று ஒத்துக்கொண்டு திருத்தவும் முடியும். பிந்தியதற்கு ஒரு ஆட்சேபம் வந்தாலே முடிந்தது, விசாரணையே கிடையாது. அயலவரின் முறைப்பாடுகள் உள்ள மண்டபமென்றால், பொலிசின் லைசென்சிங் அதிகாரிக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவது புத்தி. இணையத்தில் விண்ணப்பித்தால் மற்ற இரு பகுதிக்கும் கவுன்சிலே அனுப்பும். தபாலில் அனுப்புகிறவர் தானே மூன்று இடத்துக்கும் அனுப்பவேண்டும்.

மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு நிரந்தர லைசென்ஸ் இருக்கிறதா, எத்தனை மணி வரை? இருந்தால் அவர்கள் மூலமே பாரை நடத்தலாம், நோட்டீஸே வேண்டாம். இல்லையென்றால், இந்த வருசம் எத்தனை டென் போய்விட்டது? ஒரு இடத்துக்கு வருசத்துக்கு 15 தடவை, மொத்தம் 21 நாள்தான். 2022, 2023 இரண்டு வருசமும் அதை 20 தடவையாக்கி வைத்திருந்தார்கள், பிறகு குறைத்துவிட்டார்கள். எண்கள் இப்படி மாறுவதால் கவுன்சில் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒரே ஆள் அதே இடத்தில் வைக்கிற இரண்டு விழாவுக்கு இடையில் 24 மணி நேர இடைவெளியும் வேண்டும். அடுத்த நாளுக்கு மனைவி பெயரில், தம்பி பெயரில் போடுவோம் என்று நினைப்பவர்களைச் சட்டம் முந்திவிட்டது: பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், அவர்களின் துணைவர் வரை எல்லாரும் ஒரே ஆளாகத்தான் எண்ணப்படுவர்.

ராஃபிளில் விஸ்கிப் போத்தல் பரிசாக வைக்கலாமா என்பது அடுத்த வழமையான கேள்வி. விழாவோடு சேர்ந்த சிறு குலுக்கல், சேர்கிற காசு யாருடைய பையிலும் போகாது, போத்தல் உடைக்காமல் மூடியபடி இருக்கிறது என்றால் அதற்குத் தனியாக அனுமதி தேவையில்லை. சினிமாப் பாட்டுப் போடுவதற்கான காப்புரிமை லைசென்ஸ் கவுன்சிலோடு சம்பந்தமில்லாத வேறு விசயம். மண்டபத்திடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அன்று இரவு கவுன்சில் உறுதிப்படுத்திய நோட்டீஸின் பிரதியை பாருக்குப் பின்னால் ஒட்டுங்கள். பாரில் நிற்க, "மாமா, எனக்கு 18 ஆயிட்டுது" என்று வருகிற பெடியனிடம் அடையாள அட்டை கேட்கக் கூச்சப்படாத ஒருவரைப் போடுங்கள். அவனுடைய தகப்பன் சங்கத்தின் பொருளாளராக இருந்தாலும் சரி.