மூளையும் ஜீனும்: வர்ற சேதியை எப்படி படிக்கிறது

போன வாரம் கும்பகோணத்துலேர்ந்து சித்தி பொண்ணு போன் பண்ணா, புள்ளையோட எச்சில எடுத்து ஜீன் டெஸ்ட் பண்ணா மூளை எதுல நல்லா ஓடும்னு சொல்லிடுவாங்களாம், பணம் கட்டவா அண்ணேன்னு கேட்டா. கட்டாதேன்னுட்டேன். ஏன்னு அவளுக்கு சொன்னதத்தான் இங்க எழுதுறேன், இந்த மாதிரி சேதி வந்தா நீங்களும் இப்படி பாருங்க.

மொதல்ல எத்தனை பேர வச்சு கண்டுபிடிச்சாங்கன்னு பாருங்க. எனிக்மான்னு பல நாட்டு ஆராய்ச்சிக்காரங்க சேர்ந்த ஒரு குழு இருக்கு, 2020ல அவங்க 51,000 பேருக்கு மேல எம்ஆர்ஐ ஸ்கேனையும் டிஎன்ஏவையும் சேத்து வச்சு பாத்தாங்க. அவ்ளோ கூட்டம் எதுக்குன்னா ஒவ்வொரு ஜீன் மாற்றமும் செய்யறது அவ்ளோ சின்னது. 2012ல அதே குழு ஹெச்எம்ஜிஏ2ங்கிற ஜீன் பக்கத்துல டிஎன்ஏல ஒரு எழுத்து மாறினா மண்டையோட்டுக்குள்ள இருக்க இடம் சராசரியா 9 மில்லி கூடுதுன்னு சொன்னாங்க, மொத்தமே ஒன்றரை லிட்டர் பக்கம் வர்ற இடத்துல இது என்ன பெரிசு, அதோட அதே ஜீன் ஆளோட உயரத்துலயும் கை வைக்குது.

அடுத்து எதை அளந்தாங்கன்னு பாருங்க. மூளையோட மேல்பட்டைக்கு பரப்பு வேற, தடிப்பு வேற. நம்ம வயலுக்கு எத்தனை மாங்கறது ஒண்ணு, வண்டல் எவ்ளோ ஆழம்ங்கறது இன்னொண்ணு இல்லியா, அது மாதிரி. பரப்போட சம்பந்தப்பட்ட ஜீன் மாற்றங்கள் பெரும்பாலும் கரு வளர்றப்ப மூளைச் செல் பெருகுற நேரத்துல வேலை செய்யற டிஎன்ஏ இடங்கள்ல இருக்கு, தடிப்போடது வளந்த மூளைல வேலை செய்யற டிஎன்ஏ இடங்கள்ல. அதனால "மூளை பெருசு"ன்னு மட்டும் எழுதியிருந்தா எது பெருசுன்னு கேளுங்க.

ரொம்பப் பேர் ஏமாறுறது சதவீதத்துலதான். இரட்டையர்கள வச்சு பாத்தப்ப மூளையோட மொத்த அளவுல பரம்பரை பங்கு 80 சதவீதம் பக்கம் வருது. உடனே நம்ம புள்ளை மூளைல 80 பங்கு ஜீன், 20 பங்கு வளர்ப்புன்னு கணக்கு போட்டுடாதீங்க. எல்லாரும் ஒரே சிஆர் 1009 நெல்லு வெதைய போட்டா தலைமடைக்கும் கடைமடைக்கும் விளைச்சல்ல வர்ற வித்தியாசத்துக்கு தண்ணிதான் காரணம், தண்ணி எல்லாருக்கும் சமமா வந்து வெதை ஆளுக்கொண்ணா இருந்தா வெதைதான் காரணம். அந்த சதவீதம் ஊருக்குள்ள இருக்க வித்தியாசத்த பத்தினது, ஒத்த பயிர பத்தி அது ஒண்ணும் சொல்லாது.

யாரோட டிஎன்ஏங்கறதையும் பாக்கணும், இந்த ஆய்வுகள்ல பெரும்பாலானவங்க ஐரோப்பிய வம்சாவளி. அத வச்சு ஜீன் டெஸ்ட்ல போடுற மார்க் நம்ம புள்ளைங்களுக்கு சரியா பொருந்தாது.

ஆனா ஒண்ணு, டாக்டர் எழுதிக் குடுக்குற ஜீன் டெஸ்ட் வேற, அத இதோட சேத்து ஒதுக்கிடாதீங்க. அபூர்வமா ஒரே ஜீன் கெட்டா பெரிய பாதிப்பு வரும், ஏஎஸ்பிஎம் ஜீன் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் பழுதா வந்துட்டா புள்ளை தலை சின்னதா பொறக்கும். சொந்தத்துல கட்டின வீட்ல இந்த வாய்ப்பு கூடுதல். புள்ளை தலை வளர்ச்சி, வலிப்பு, பேச்சு எதுலயாவது சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட போங்க, தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டின குடும்பம்னா அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீங்களே சொல்லிடுங்க.