பாரிஸில் கல்வி இன்டர்ன்ஷிப்: வருவதற்கு முன் கொஞ்சம் காசு பேசுவோம்

பாரிஸில் ஒரு சர்வதேசக் கல்வி அமைப்பில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவுப்பா?" கிடையாதும்மா என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி, அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரான்ஸில் 2 மாதத்துக்கு மேல் நீளும் இன்டர்ன்ஷிப்புக்கு (இங்கே 'ஸ்தாஜ்' என்பார்கள், நம்மவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்) நிறுவனம் உதவித்தொகை தந்தே ஆக வேண்டும், முழுநேரம் என்றால் மாதம் 600 யூரோவைத் தாண்டும். ஆனால் ஐ.நா. அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றில் ஒன்றான யுனெஸ்கோவில் இன்டர்ன்களுக்கு ஊதியம் இல்லை. ஆசையில், அறிவிப்பில் இருக்கும் அந்த வரியை மட்டும் தாண்டிப் படித்துவிடாதீர்கள். எனக்கு மாதம் ஆனது: அறைக்கு 650, பயண அட்டைக்கு 90-ஐ ஒட்டி, சாப்பாட்டுக்கும் போனுக்கும் 300. ஆறு மாதத்துக்கு 6,000 யூரோவுக்கு மேல், விமான டிக்கெட்டும் குளிர்காலக் கோட்டும் தனி. கையில் இவ்வளவு இல்லாமல், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். பகுதிநேர வேலை பார்க்க விசா விடுமா, விட்டாலும் ஒன்பதிலிருந்து ஆறு வரை அலுவலகத்தில் இருந்துவிட்டு எப்போது பார்ப்பது?

அடுத்த தலைவலி வீடு. வாடகைக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். பொறுப்பேற்பவர் வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பாதிப்பவராக இருக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் பிரான்ஸிலேயே. ஊரில் இருக்கும் மாமாவின் சம்பளச் சீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். மாணவர் விசாவில் வருகிறவர்கள் 'விசால்' (Visale) என்ற இலவச வாடகை உத்தரவாதத்துக்கு விண்ணப்பியுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும். 14வது வட்டாரத்தில் இருக்கும் சர்வதேசப் பல்கலைக்கழக நகரத்தில் இந்திய இல்லமும் உண்டு, இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எதுவானாலும் அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன், 400 யூரோ போனது போனதுதான்.

எனக்குக் கடைசியில் அறை கிடைத்தது லா ஷப்பேலில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரச் சீட்டில். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருக்கள் முழுக்க ஈழத்தமிழர் கடைகள். முருங்கைக்காய், மணத்தக்காளி வற்றல், கொத்து ரொட்டி, எல்லாம் உண்டு. "தம்பி இந்தியாவோ? எந்த இடம்?" என்று கேட்ட கடைக்காரர் அண்ணனிடம் விழுப்புரம் என்றேன். அவருக்கு விழுப்புரம் தெரியவில்லை, ஆனாலும் எந்த மெட்ரோ தடத்தில் எங்கே இறங்கி மாறுவது என்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் வரைந்து தந்தார். ஆகஸ்ட் கடைசியில் வந்தால் மாணிக்க விநாயகர் கோயில் தேர் பார்க்கலாம், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். அதே ஆகஸ்டில் பாதி அலுவலகம் விடுப்பில் இருக்கும், மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்று பதறாதீர்கள்.

பயண அட்டை விஷயத்தில் ஒன்று: நவிகோ வார அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான், மாத அட்டை 1ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை. வியாழக்கிழமை அந்த வாரத்துக்கான அட்டை வாங்கினால் நான்கு நாளுக்கு ஏழு நாள் காசு. அப்புறம் கடையிலோ லிஃப்டிலோ நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வேலை என்ன என்று கேட்கிறீர்களா? பெரும்பாலும் எக்செல். முதல் வாரம் ஒரு நாட்டின் தொடக்கப் பள்ளிச் சேர்க்கை 112 சதவீதம் என்று இருந்தது. நூற்றைத் தாண்டுமா என்ன, தட்டச்சுப் பிழை என்று நானே அந்தக் கட்டத்தைக் காலி செய்துவிட்டேன். மறுநாள் மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்: மொத்தச் சேர்க்கை விகிதத்தில் வயது தாண்டியும் படிக்கிற பிள்ளைகள், அதே வகுப்பில் திரும்ப உட்காருகிறவர்கள் எல்லாரும் பின்னத்தின் மேலே சேருவார்கள், கீழே வகுப்பது அந்த வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் மட்டும், அதனால் நூறைத் தாண்டும். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலேயே மீசை முளைத்த அண்ணன். அதைச் சொன்னேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் பேனாவை எடுத்து இன்னும் சொல் என்றார்.

அரசுப் பள்ளியில் படித்ததை அங்கே மறைக்காதீர்கள். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வின் 2009 சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு கலந்துகொண்ட 74 நாடுகள், பகுதிகளின் பட்டியலில் கடைசிப் பக்கம் நின்றது, அதற்கடுத்த சுற்றுகளில் இந்தியா விலகிக்கொண்டது, இதெல்லாம் அங்கே சிலருக்குத் தெரியும், மதிய உணவின்போது கேட்பார்கள். ரோஷப்பட்டு எழுந்து போக வேண்டாம். சத்துணவு எப்படி நடக்கிறது, 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் சாயங்காலம் எங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். நான் ஒருமுறை சொல்ல ஆரம்பித்து, ஆறிப்போன காபியை அப்படியே விட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.